நிறுத்தச் சொல்லி ஓர் ஏலம்

நல்ல காரியத்துக்குப் பணம் திரட்டும் சிரிப்பு நிகழ்ச்சி எதையாவது டிவியில் போட்டால் நான் எழுந்து போய்விடுவேன் என்று என் மனைவி ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். சுத்தப் பொய். நான் எழுந்து போவதே இல்லை. உட்கார்ந்து கடைசி வரைக்கும் பார்த்து ஒவ்வொரு ஆளாகத் திட்டுவேன். பெரிய மனிதர்கள் சோபாவில் உட்கார்ந்து ஒருவர் முதுகை ஒருவர் தட்டிக்கொண்டு சிரிப்பார்கள். கீழே போன் நம்பர் ஓடும். நமக்கும் லேசாகச் சிரிப்பு வந்து வாயைத் திறக்கப் போகிற நேரம் பார்த்து வயலினை இழுப்பார்கள். ஒரு கட்டிலைக் காட்டுவார்கள், கட்டிலில் ஒரு நோயாளியைக் காட்டுவார்கள். திறந்த வாயை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்வது என்று யாரும் சொல்வதில்லை. அது முடிந்ததும் மறுபடி சோபா. பாயசம் ஊற்றின இலையிலேயே ரசத்தையும் ஊற்றினால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருக்கும்.

"இதுக்கெல்லாம் இன்னுமா உனக்கு சிரிப்பு வருது?" என்று போன வாரம் மனைவியிடம் எரிந்து விழுந்தேன்.

"உன்னுதுக்கே சிரிச்சவ நானு" என்றாள்.

அவள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. ஏனென்றால் நானும் அந்த மாதிரி ஒரு நிகழ்ச்சியில் மேடை ஏறினவன். சோபா இல்லை, வயலின் இல்லை, எங்கள் பகுதி கேபிள் சேனலில்தான் என்றாலும் நேரடி ஒளிபரப்பு. டோல்கேட் பக்கத்தில் வாடகைக்குப் பிடித்த ஒரு கல்யாண மண்டபம். இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும். கேபிள் ஒயர் ஒவ்வொரு மொட்டை மாடியிலும் துணிக்கொடியோடு பின்னிக்கொண்டு கிடந்த காலம்.

அப்போது நான் திருவொற்றியூரில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். என் தோஸ்து காசிமேட்டில் படகுகளுக்கு ஐஸ் ஏற்றுகிறவன். ராயபுரத்தில் ஒரு மாடி வீட்டில் அவன் அக்காவோடு இருந்தான். வேலை இல்லாத நேரத்தில் நாங்கள் இருவரும் சிரிப்பு நிகழ்ச்சி நடத்துவோம். காதுகுத்து, மாதா கோயில் திருவிழா, யூனியன் ஆண்டு விழா, எங்கே கூப்பிட்டாலும் போவோம். கூப்பிடாத இடங்களுக்கும் ஓரிரு முறை போயிருக்கிறோம்.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும். எங்கள் இருவரில் கேள்வி கேட்பது நான், பதில் சொல்வது அவன். ஜனம் சிரிப்பது பதிலுக்கு. கேள்விக்கு யாராவது சிரித்து நான் பார்த்ததில்லை. கேள்வி கேட்கிறவன் சிரிக்கவும் கூடாது. மூஞ்சியை ரேஷன் கடையில் சர்க்கரை தீர்ந்துபோன அன்றைக்கு இருக்கிற ஆள் மாதிரி வைத்துக்கொள்ள வேண்டும். அது லேசான காரியமில்லை. ஆனால் யார் அதைப் பார்க்கிறார்கள்? நிகழ்ச்சி முடிந்ததும் கூட்டம் மொத்தமும் அவனைச் சூழ்ந்துகொள்ளும். என்னிடம் வந்து, "நீங்க அவரோட டிரைவரா?" என்று கேட்டவர்கள் உண்டு. எங்களிடம் வண்டியே கிடையாது.

எங்களுடைய பேர் போன ஐட்டம், வீட்டு ஓனரும் வாடகைக்கு வீடு தேடி வந்தவனும். நான் ஓனர்.

"தண்ணி மூணு நாளைக்கு ஒருக்காதான் வரும்" என்பேன்.

"நாங்களும் மூணு நாளைக்கு ஒருக்காதான் சார் குளிப்போம். பொருத்தம் பிரமாதமா கீது."

"கொசு ஜாஸ்தி."

"வாடகையில அதுங்க பங்கு எவ்ளோ சார்?"

தண்ணீர் லாரிக்குப் பின்னால் குடத்தோடு ஓடிவிட்டு நேராக மண்டபத்துக்கு வந்த ஜனம் அது. விழுந்து விழுந்து சிரிக்கும்.

அப்படி இருந்தவன் காலில்தான் ஒரு நாள் லாரியிலிருந்து முழு ஐஸ் பார் சரிந்து விழுந்தது. முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாகப் போய்விட்டது. மாவுக்கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். எலும்புக்குள் கம்பி வைத்து நேராக்க வேண்டும், தள்ளிப்போட்டால் கோணலாகவே ஒட்டிக்கொள்ளும், அப்புறம் படகில் ஏறி இறங்குகிற பிழைப்பை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கம்பிக்கும் ஆபரேஷனுக்கும் அவர் சொன்ன தொகையைக் கேட்டு அக்கா அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

நான் பார்க்கப் போனபோது அவன் கட்டிலில் நான்கு தலையணை மேல் காலை வைத்துக்கொண்டு ராஜா மாதிரி கிடந்தான்.

"கால் வீங்குனா ஐஸ் வெக்கச் சொல்லுவாங்க இல்ல மாமு? நான் முன்னாடியே வெச்சுட்டேன். கொஞ்சம் பெருசா வெச்சுட்டேன்."

நான் சிரிக்கவில்லை. பழக்க தோஷம். அக்கா, "வலிக்குதாடா?" என்று கேட்டதற்கு, "வலியா? அது யாரு அக்கா, எதுத்த வூட்டுக்குப் புதுசா குடி வந்துகீறாங்களா?" என்றான். போய்ப் பார்த்த எல்லாருக்கும் இதே கதைதான். ஆறுதல் சொல்லப் போனவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினார்கள். பார்த்துவிட்டு வந்தவர்கள் அடுத்தவர்களிடம், "ஜாலியாதான் கீறான்" என்று சொன்னார்கள். ஜாலியாக இருக்கிறவனுக்கு யார் பணம் கொடுப்பார்கள்?

அப்போதுதான் எங்கள் ஏரியா கேபிள்காரருக்கு ஒரு யோசனை வந்தது. அவர் நல்ல மனுஷர். ஆனால் யோசனை வந்துவிட்டால் கொஞ்சம் ஆபத்தானவர். பிறந்தநாள் வாழ்த்தும் நகைக் கடை விளம்பரமும் ஓடிக்கொண்டிருந்த தன் சேனலில், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், காலுக்காக ஒரு நேரடி சிரிப்பு நிகழ்ச்சி நடத்துவது என்று அறிவித்தார். சினிமாவில் இருக்கிற ஒரு பெரிய நகைச்சுவை நடிகர் வருகிறார், ஜனம் போன் பண்ணிப் பணம் தரலாம், நடுநடுவே படுத்திருக்கிற இவனைக் காட்டி எல்லாரையும் அழவைக்கலாம் என்பது திட்டம்.

அழவைக்கிற பகுதியைப் படம்பிடிக்கக் கேமராவோடு அவரே ராயபுரத்துக்கு வந்தார். அரை நாள் முயற்சி செய்தார். "கண்ணை மூடிகினு முனகு நைனா" என்றால், இவன் கண்ணை மூடிக்கொண்டு கேபிள்காரரின் மாச வசூல் குரலில் முனகினான். கேமரா பிடித்தவர் சிரித்துச் சிரித்துப் படம் முழுக்க ஆடிப்போயிருந்தது. கேபிள்காரர் தலையில் கை வைத்தார்.

"கொஞ்சம்கூட பாவமா தெரிய மாட்டேன்றியே நைனா."

கடைசியில் அவன் மூஞ்சியே வேண்டாம் என்று முடிவு பண்ணி எக்ஸ்ரேவை வாங்கிக்கொண்டு போனார். எக்ஸ்ரே ஜோக் அடிக்காது. பார்க்கவும் பாவமாக இருக்கும். நிகழ்ச்சி முழுக்க நடுநடுவே அந்த எக்ஸ்ரேதான் திரையில் வந்தது. தலைகீழாக வந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிரம்பிவிட்டது. பெரிய நடிகரைப் பார்க்க வந்த கூட்டம். வலது பக்கம் காசிமேட்டு ஜனம், இடது பக்கம் திருவொற்றியூரிலிருந்து என் கம்பெனிக்காரர்கள். முன் வரிசையில் அக்கா. மேடையில் ஒரு மேசை, மேசை மேல் போன், போனுக்குப் பக்கத்தில் ஒரு மைக். போன் பேசுவது மண்டபத்துக்கும் கேட்க வேண்டும் என்று அந்த மைக்கை ரிசீவரோடு சேர்த்துப் பிடித்துக்கொள்வதற்காகக் கேபிள்காரரே அங்கே நின்றுகொண்டார்.

பெரிய நடிகர் வரவில்லை. கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருக்கிறார் என்றார்கள். எங்கள் பக்கம் அது யாரும் சந்தேகப்படாத காரணம். கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு கல்யாண முகூர்த்தத்தையே தவறவிட்டவர்கள் அந்த மண்டபத்தில் இருந்தார்கள். ஆனால் அவர் வீட்டை விட்டே கிளம்பவில்லை என்பது என் அபிப்பிராயம்.

"வந்துகினே கீறாரு. அதுவரைக்கும் நீ ஏறு" என்று கேபிள்காரர் என்னைப் பிடித்துத் தள்ளினார்.

"நான் கேள்வி கேக்கிறவன்ணா."

"கேளு, யார் வேணாம்னா?"

ஏறினேன். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். மூஞ்சியை வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன்.

"தண்ணி மூணு நாளைக்கு ஒருக்காதான் வரும்."

பதிலுக்காக நிறுத்தினேன். பழக்கம். பக்கத்தில் யாருமில்லை. மண்டபத்தில் மின்விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டது.

"கொசு ஜாஸ்தி" என்றேன்.

அதற்கும் நிறுத்தினேன்.

பிறகு சுதாரித்துக்கொண்டு, பதிலையும் நானே சொல்வது என்று இந்தப் பக்கம் திரும்பிக் கேட்டு, அந்தப் பக்கம் திரும்பிப் பதில் சொன்னேன். இரண்டும் ஒரே குரலில் வந்தன. ஓனரே ஓனரிடம் வீடு கேட்கிற மாதிரி ஆகிவிட்டது. அவன் சொன்னால் பறக்கிற அதே பதில், என் வாயிலிருந்து வந்து மேடை விளிம்பிலேயே உட்கார்ந்துகொண்டது. நடுவே கேபிள்காரர் எக்ஸ்ரேவைப் போடச் சொன்னார். அதற்குக் கைதட்டினார்கள். என் ஆயுசில் எக்ஸ்ரேவைப் பார்த்துப் பொறாமைப்பட்டது அன்றைக்குத்தான்.

அப்போது போன் அடித்தது. கேபிள்காரர் முகம் மலர்ந்தது. முதல் நன்கொடை.

"ஹலோ, டிவில சொல்லிகினு கீறாரே, அந்த வூடு எங்க கீது? அட்வான்ஸ் எத்தினி?"

"அது ஜோக்குங்க."

"ஜோக்கா? அப்ப வூடு இல்லியா?" அந்த அம்மா நிஜமாகவே ஏமாந்துபோய் போனை வைத்தாள்.

அடுத்த போன், கொசு இருந்தால் பரவாயில்லை, தரைத்தளமா என்று கேட்டது. அதற்கடுத்த போன், புரோக்கர் கமிஷன் உண்டா என்று. தண்ணீர் மூன்று நாளைக்கு ஒரு முறையாவது வருகிறது என்று ஒரு ஓனர் வாயாலேயே சொன்னால் எங்கள் ஏரியாவில் அதை யார் ஜோக் என்று நினைப்பார்கள்? நேரடி ஒளிபரப்பில் என்னை வைத்து வீட்டு விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. காலுக்கென்று ஒரு பைசா வரவில்லை.

நான் வியர்த்து ஊற்றிக்கொண்டு நின்றேன். காசிமேட்டுப் பக்கம் பின் வரிசையிலிருந்து ஒரு ஆள் எழுந்தார்.

"யோவ், இந்தாளை நிறுத்தச் சொல்லுங்கய்யா! நூறு ரூபா தரேன்!"

அடுத்த நொடி முன் வரிசையிலிருந்து ஒரு குரல் கூரையைத் தொட்டது.

"நூறு ஒரு தரம்!"

அக்கா. சொல்லிவிட்டு அவளே திடுக்கிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். பாவம், அவள் வேண்டுமென்று சொல்லவில்லை. காசிமேட்டில் விடியற்காலையில் மீன் ஏலம் விடுகிறவள் அவள். யார் வாயிலிருந்து எந்தத் தொகை வந்தாலும் அவள் வாய் தானாக அதைப் பிடித்துக்கொள்ளும். பேருந்தில் கண்டக்டர் டிக்கெட் விலை சொன்னால்கூட ஒரு தரம் என்று ஆரம்பித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்கிறவள்.

ஆனால் சொன்னது சொன்னதுதான். திருவொற்றியூர்ப் பக்கத்திலிருந்து என் ஷிஃப்ட்காரர் ஒருவர் சட்டென்று எழுந்தார்.

"நூத்தியம்பது! அவரு பேசட்டும்!"

என் நெஞ்சு குளிர்ந்தது. நம் ஆள் நம் ஆள்தான் என்று நினைத்தேன். பிறகுதான் புரிந்தது, அவருக்கு நான் பேசுவதில் ஒரு அக்கறையும் இல்லை. காசிமேட்டுக்காரன் கேட்டதற்கு மேல் கேட்காமல் உட்கார்ந்திருக்க அவரால் முடியவில்லை.

அக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மேடை ஏறினாள். கேபிள்காரர் கையிலிருந்த இன்னொரு மைக்கைப் பிடுங்கினாள். யாரையோ அனுப்பி வெளியே அவள் சிநேகிதி வைத்திருந்த காலி மீன் கூடையை எடுத்துவரச் சொன்னாள்.

"இத பாரு, நிறுத்தணும்ங்கிறவங்க வலது பக்கம், பேசணும்ங்கிறவங்க இடது பக்கம். கேட்ட காசு கூடையில விழணும். கேட்டுட்டு நழுவறதுக்கு இது மத்தி மீன் இல்ல, என் தம்பி காலு."

பிறகு என் பக்கம் திரும்பி மைக்கை மூடிக்கொண்டு சொன்னாள்: "நீ பேசிகினே இரு தம்பி. நல்லா மட்டும் பேசிடாதே."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. இத்தனை வருஷம் மேடை ஏறினவனைப் பார்த்துச் சொல்கிற பேச்சா இது? கோபத்தில் நான்கு வரி பேசினேன். அது முன்னைவிட மோசமாக இருந்தது. வலது பக்கம் ஏலம் விறுவிறுவென்று ஏறியது. எனக்கு அப்போதுதான் சூட்சுமம் பிடிபட்டது. எவ்வளவு கேவலமாக இருக்கிறேனோ அவ்வளவு எலும்பு நேராகும்.

அதற்குப் பிறகு நான் செய்ததை என்னுடைய உச்சம் என்றுதான் சொல்ல வேண்டும். மிமிக்ரி பண்ணினேன். நாய், பூனை, எண்ணூர் ரயில், மூன்றும் ஒன்றுபோலக் கேட்டன. விடுகதை போட்டேன், விடையை மறந்துவிட்டேன். பாடினேன். நான் பாட ஆரம்பித்ததும் காசிமேட்டில் ஒரே நேரத்தில் ஆறேழு பேர் எழுந்து நின்று காசை ஆட்டினார்கள். இடது பக்கத்துக்காரர்கள் காதைப் பொத்திக்கொண்டே, "பாடட்டும்! பாடட்டும்!" என்று அதற்கு மேல் கேட்டார்கள். வீட்டிலிருந்து போன்கள் வரத் தொடங்கின. இப்போது யாரும் வீடு கேட்கவில்லை. "எங்க தெரு மொத்தமும் சேந்து தரோம், அந்தாள உக்காரச் சொல்லு" என்றது ஒரு போன். இந்தச் சம்பவத்தைச் சொல்லும்போதெல்லாம் நான் முழுக்க வேண்டுமென்றேதான் மோசமாகப் பேசினேன் என்று சொல்வது வழக்கம். முதல் பாதி வேண்டுமென்று செய்ததில்லை. என் மனைவிக்குத் தெரியும்.

கூடை பாதி நிரம்பியது. டாக்டர் சொன்ன தொகை இன்னும் தூரத்தில்தான் இருந்தது. அப்போது மறுபடி போன் அடித்தது.

"சார், டிவில பாத்தேன். வூடு காலியா கீதுங்களா?"

இன்னொரு வாடகைக் கேஸ் என்று மண்டபம் சலித்துக்கொண்டது. எனக்கு மட்டும் தெரிந்துவிட்டது. அவன் குரல். அவனுடைய கீழ் வீட்டு பாயிடம் ஒரு கார்ட்லெஸ் போன் உண்டு. ராயபுரத்திலேயே முதல் கார்ட்லெஸ் என்று பாய் சொல்லிக்கொள்வார். அதை வாங்கிப் பேசுகிறான்.

என் மூஞ்சி தானாக ஓனர் மூஞ்சியாக மாறியது.

"முதல்ல டிவி சத்தத்தைக் கம்மி பண்ணுங்க" என்றேன்.

"கம்மி பண்ணா உங்க பேச்சு கேக்காது. பண்ணலன்னா உங்க பேச்ச கேக்கணும். எது சார் பரவால்ல?"

மண்டபத்தில் யாரோ கெக்கே என்றார்கள். குரல் யாருடையது என்று காசிமேட்டுக்குப் புரிந்துவிட்டது. ஒரே விசில்.

"இன்னா வேலை பாக்கிற?"

"படுத்துகினு கீறேன் சார்."

"அது ஒரு வேலையா?"

"கவர்மெண்ட்டு வேலைக்கு எழுதிப் போட்டுகீறேன். கெடைக்கறதுக்குள்ள பழகிக்கலாம்னு."

"மாடி வூடு. படி ஏறணும்."

"எனக்கு ஒரு காலுதான் சார் ஏறும். இன்னொரு காலுக்கு வாடகைய கழிச்சுக்குவீங்களா?"

"சொந்தக்காரங்க அடிக்கடி வருவாங்களா?"

"தோ, மண்டபம் நெறைய வந்துகீறாங்களே சார். அத்தினி பேரும் என் காலுக்கு சொந்தக்காரங்க."

மண்டபம் அதிர்ந்தது. ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தார்கள். வலது பக்கமும் இடது பக்கமும் கலந்துபோயிற்று. நான் மூஞ்சியை அசைக்கவில்லை. ஆனால் உள்ளே எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அவன் விழுந்ததிலிருந்து நான் பாதி ஆளாகத்தான் இருந்திருக்கிறேன் என்று அந்த நிமிஷத்தில் தெரிந்தது. கேள்விக்குப் பதில் வருகிற சுகம் அப்படி.

"ஐந்நூறு ஒரு தரம்" என்று அக்கா சொன்னாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. "ஐந்நூறு ஒரு தரம்யா!" என்று கத்தினாள். சிரிக்கிறவன் கை வயிற்றில் இருக்கும், பாக்கெட்டுக்குப் போகாது. நிறுத்தச் சொன்னவர்களுக்கு இப்போது நிறுத்த வேண்டாம். பேசச் சொன்னவர்களுக்குக் காசு கொடுக்காமலே பேச்சு கிடைக்கிறது. ஏலம் செத்துப்போயிற்று. அக்கா பாதிக் கூடையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

அவன் அடுத்த பதிலுக்கு மூச்சு இழுத்தான். பெரிய ஜோக் வருவதற்கு முன்னால் மூக்கு வழியாகக் கொஞ்சமாக ஒரு மூச்சு இழுப்பான். அது ஜனத்துக்குக் கேட்காது, எனக்குக் கேட்கும். அந்த மூச்சு பாதியில் இருக்கும்போது நான் கேபிள்காரர் கையிலிருந்த ரிசீவரைப் பிடுங்கிப் போனை வைத்துவிட்டேன்.

மண்டபம் என் மேல் பாய்ந்தது. செருப்பு ஒன்று வந்தது. "ஏன்டா வெச்சே கஸ்மாலம்!" என்று என் கம்பெனிக்காரரே கத்தினார். அக்கா ஒரு நொடிகூட வீணாக்கவில்லை.

"போன் திரும்ப வேணுமா? எவ்ளோ கேக்கற?"

அதற்குப் பிறகு நடந்தது ஏலமே இல்லை. காசிமேடும் திருவொற்றியூரும் சேர்ந்து ஒரே பக்கம் நின்று கேட்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன். எதிர்த்துக் கேட்க ஆளில்லாத ஏலம், ஆனாலும் ஏறிக்கொண்டே போனது. கேபிள்காரரே தன் மேல் பாக்கெட்டில் இருந்ததை எடுத்துப் போட்டார். கூடை நிறைந்ததும் அக்கா கண்ணாலேயே அளந்துவிட்டு, "மூணு தரம்!" என்றாள். நான் பாய் வீட்டு நம்பரைச் சுழற்றிவிட்டு ரிசீவரை மைக்கோடு சேர்த்துப் பிடித்தேன்.

ரொம்ப நேரம் அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு எடுத்தான். மண்டபம் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தது.

"இன்னா மாமு, கோச்சுகினியா?" என்று கேட்டேன். ஓனர் குரலில் இல்லை, என் குரலில்.



"வலிக்குது மாமு" என்றான்.

மண்டபம் வெடித்துச் சிரித்தது.

"கால் ரொம்ப வலிக்குது. விழுந்த அன்னிலேந்து வலிக்குது. என்னால முடியல."

நாற்காலியைத் தட்டினார்கள். ஒரு ஆள் சிரிப்புத் தாங்காமல் தரையில் உட்கார்ந்துவிட்டார். அவன் பேசுவதற்கு முன்னால் அந்த மூச்சு இல்லை, அது ஜோக் இல்லை. எனக்கு மட்டும் அது தெரிந்தது. கேள்வி கேட்கிறவன் அடுத்த கேள்வியைக் கேட்க வேண்டும். எனக்கு ஒரு கேள்வியும் வரவில்லை.

அக்கா மைக்கை மேசை மேல் வைத்துவிட்டு ரிசீவரை என் கையிலிருந்து வாங்கினாள். "தோ வரேன் நைனா" என்றாள். அதற்கும் கைதட்டினார்கள். அவள் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு மேடையை விட்டு இறங்கினாள், நான் பின்னாலேயே போனேன். நடு வழியில் ஆளாளுக்கு என் தோளைத் தட்டினார்கள். "சூப்பரு தலைவா, கலக்கிட்டே" என்றார்கள். இத்தனை வருஷத்தில் என்னை ஒருத்தர் தட்டிக்கொடுத்தது அன்றைக்குத்தான். ஒவ்வொரு கையையும் தட்டிவிட வேண்டும் போல் இருந்தது.

ஆட்டோ பிடித்தோம். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால், பாய் கட்டில் ஓரத்தில் முட்டி போட்டுக்கொண்டு அவன் காலை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்திருந்தார்.

"மொத தடவ போன்ல பேசறப்போ இவன் சிரிச்ச சிரிப்புல காலு தலகாணிலேந்து நழுவிடுச்சும்மா. கீழ வெக்க பயமா கீது. அப்பிடியே புடிச்சுகினு கீறேன்" என்றார்.

மூன்று பேருமாகச் சேர்ந்து காலைத் தூக்கித் தலையணை மேல் வைத்தோம். அக்கா மாத்திரை கொடுத்தாள். அவன் கண்ணிலிருந்து தண்ணீர் காதுப்பக்கம் ஓடிக்கொண்டே இருந்தது, துடைக்கக்கூட இல்லை. அடுத்த வாரமே கம்பி வைத்தார்கள். எலும்பு நேராகத்தான் ஒட்டியது. இப்போது மாடிப்படியில் அவன் முன்னால் போகிறான், மூச்சு வாங்குவது நான்.

ஆனால் அன்றைக்கு எனக்கு அவன் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை.

"பாதில வெச்சுட்டேன்டா" என்றேன்.

"கூடை ரொம்பிச்சா?"

"ரொம்பிடுச்சு."

"அப்ப சரியாத்தான் வெச்சே."

நான் திரும்பினேன். மூலையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. மேடையில் ஆள் இல்லாததால் கேமராக்காரர் கேமராவைக் கூட்டத்தின் பக்கம் திருப்பிவிட்டிருந்தார். நாங்கள் மறுபடி வருவோம் என்று காத்துக்கொண்டு, அவன் சொன்னதையே ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக் காட்டி, காலைப் பிடித்துக்கொள்கிற மாதிரி நடித்து, இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அணைக்கலாம் என்று எழுந்தேன்.

"இரு மாமு, அணைக்காத" என்றான்.

"சனியன், வேணாம்டா."

"மேடைல நின்னா லைட்டு கண்ண கூசுது, ஒரு மூஞ்சிகூட தெரியாது. ஜனம் சிரிக்கிறத நான் இதுவரிக்கும் பாத்ததே இல்ல."

தலையைக் கொஞ்சம் தூக்கிவிடச் சொன்னான். தூக்கிப் பிடித்துக்கொண்டேன். அழுதுகொண்டே பார்த்தான்.